ஓய்வுக்காலப் பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும்

கேள்வி: எனக்கு வயது 51. ஓய்வு பெற இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. கல்லூரி நாட்களிலிருந்தே பிரபலங்கள் தொடர்பான பொருட்களைச் சேர்த்து வருகிறேன். கையெழுத்திட்ட புகைப்படங்கள், பாடகர்கள் எழுதிய கடிதங்கள், பழைய சினிமா போஸ்டர்கள், விளையாட்டு வீரர்களின் சட்டைகள் என்று இரண்டு அலமாரி நிறைந்துவிட்டது. இப்போது ஒரு விற்பனையாளர், புகழ்பெற்ற நடிகர் ஒருவர் படத்தில் அணிந்த தோல் ஜாக்கெட் விலைக்கு வந்திருப்பதாகச் சொல்கிறார். சான்றிதழ் உண்டாம். எப்போது வேண்டுமானாலும் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் உறுதி தருகிறார். ஓய்வுக்காலச் சேமிப்பில் கால் பங்கை எடுத்தால்தான் வாங்க முடியும். என் கணவர் "பழைய துணிக்கு இவ்வளவா?" என்கிறார். இந்த வகைகளில் எது நல்ல முதலீடு? ஜாக்கெட்டை வாங்கலாமா?

பதில்: ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து வேண்டாம். உங்கள் கணவரின் முடிவு சரி, அவர் சொல்லும் காரணம்தான் தவறு. பழைய துணிக்கு வீடு விலை, அதற்கும் மேலே கூடக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மிகவும் பேசப்பட்ட ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

1962-ல் அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் நடிகை மர்லின் மன்றோ பாடியபோது அணிந்திருந்த கவுன் 1999-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை சுமார் 12.67 லட்சம் டாலர். மார்ட்டின் ஸ்வைக் என்ற பங்குச்சந்தை நிபுணரின் சேகரிப்பில் அது இருந்தது. அவர் 2013-ல் மறைந்த பிறகு, 2016-ல் மீண்டும் ஏலம் போய் 48 லட்சம் டாலருக்கு விற்றது. கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் 17 ஆண்டுகளில் 3.8 மடங்கு என்பது கூட்டு வளர்ச்சியில் ஆண்டுக்கு 8 சதவீதம் சொச்சம்தான். பாதுகாப்பு, இன்சூரன்ஸ், விற்பனைக் கமிஷன் எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். இத்தனைக்கும் அது உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் உடை. பங்குச்சந்தையைக் கரைத்துக் குடித்தவர் கையில் இருந்த பொருள்.

கமிஷன் விஷயத்தைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏலம் முடிந்து சுத்தியல் விழும் விலை 100 என்றால், வாங்குபவர் அதற்கு மேல் 20 முதல் 25 சதவீதம் வரை, சில இடங்களில் இன்னும் கூடுதலாக, ஏல நிறுவனத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஆக உங்கள் கையைவிட்டுப் போவது 125. நாளை நீங்கள் விற்கப்போனால் விற்பவர் பங்காக 10 சதவீதம் பிடிப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். போட்ட 125 திரும்பி வர, அடுத்த முறை சுத்தியல் 139-ல் விழ வேண்டும். அதாவது பொருளின் விலை கிட்டத்தட்ட 40 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். வட்டியும் ஈவுத்தொகையும் தராத ஒரு பொருளுக்கு இது பெரிய மேடு. வரியும் தனி. அமெரிக்காவில் சேகரிப்புப் பொருளை நீண்டகாலம் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு 28 சதவீதம் வரை வரி உண்டு, பங்குகளுக்கு அந்த உச்சவரம்பு 20. உங்களுக்குப் பொருந்தும் விதியை ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வகை நல்ல முதலீடு என்று கேட்டிருக்கிறீர்கள். வகையைப் பார்த்து விலையைச் சொல்ல முடிந்தால் ஏல நிறுவனங்களின் மதிப்பீடு தவறவே கூடாது. 2023-ல் லண்டனில் குவீன் இசைக்குழுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் பொருட்களை ஏலம் விட்டார்கள். அவர் பாட்டு அமைத்த யமஹா பியானோவுக்கு 20 முதல் 30 லட்சம் பவுண்டு வரை எதிர்பார்த்தார்கள். 17 லட்சத்துச் சொச்சத்துக்குத்தான் போனது. அதே விற்பனையில் மீசை வாரும் சின்ன வெள்ளிச் சீப்பு ஒன்றுக்கு 400 முதல் 600 பவுண்டு என்று மதிப்பிட்டிருந்தார்கள். அது 1,52,400 பவுண்டுக்குப் போனது! அன்றைக்கு அறையில் இருக்கும் இரண்டு ரசிகர்களின் பிடிவாதம்தான் விலை. அடுத்த ஏலத்திலும் அந்த இருவர் வருவார்கள் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

வகைகளுக்குள் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில் வித்தியாசம் உண்டு. கையெழுத்தில் ஆபத்து போலி. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் நடத்திய விசாரணையில், விளையாட்டு வீரர்களின் கையெழுத்தைப் போட்டு விற்ற பெரிய கூட்டமே சிக்கியது. அவர்கள் சரக்கோடும் சான்றிதழ் வந்தது. மோசடி எண்ணம் இல்லாமலேயும் தவறு நடக்கும். பீட்டில்ஸ் இசைக்குழு புகழின் உச்சியில் இருந்தபோது அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் பல ஆல்பங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கென்றே ஆட்டோபென் என்ற இயந்திரமும் உண்டு. 2022-ல் பாடகர் பாப் டிலன் புத்தகத்தின் 'கையால் கையெழுத்திட்ட' பிரதிகள் ஒன்று 599 டாலருக்கு விற்பனையாகின. எல்லாம் இயந்திரக் கையெழுத்து என்பதை வாங்கியவர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். பதிப்பகம் பணத்தைத் திருப்பித் தந்தது, டிலனும் வருத்தம் தெரிவித்தார். பதிப்பகத்திலிருந்து நேராக வந்த பொருளுக்கே இந்தக் கதி என்றால், மூன்று கை மாறி வருவதை என்ன சொல்ல?

கடிதங்கள் எனக்குப் பிடித்த வகை. பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதைப் போலி செய்வது கடினம், உள்ளடக்கமே ஒரு சாட்சி. ஆனால் 'உங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி' என்ற இரண்டு வரிக்கும், ஒரு பாட்டு எப்படி உருவானது என்று விவரிக்கும் கடிதத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். போஸ்டர்களில் மறுபதிப்பா மூலப் பதிப்பா என்பதே பாதிப் பிரச்சினை.

உடைகளும் சட்டைகளும் தனி உலகம். இங்கே நீங்கள் துணிக்குப் பணம் தருவதில்லை, அந்தத் துணிதான் அந்த நாளில் அந்த உடம்பில் இருந்தது என்பதற்கான ஆதாரத்துக்குத் தருகிறீர்கள். 1932-ல் அமெரிக்க பேஸ்பால் உலகத் தொடரில் வீரர் பேப் ரூத் அணிந்த சட்டை 2005-ல் 9.4 லட்சம் டாலருக்கு விற்றது. 2024-ல் 2.41 கோடி டாலர். இடையில் அன்றைய புகைப்படங்களில் தெரியும் எழுத்துகளையும் தையலையும் சட்டையோடு ஒப்பிட்டு, அதே சட்டைதான் என்று உறுதி செய்திருந்தார்கள். 1986 உலகக் கோப்பையில் மரடோனா கையால் கோல் போட்ட அன்று அணிந்த சட்டை 2022-ல் 71 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதற்கு முன்பு, அது முதல் பாதியில் போட்டிருந்த வேறு சட்டை என்று அவர் குடும்பத்தினர் சொல்லிச் சர்ச்சை கிளம்பியது. அங்கேயும் புகைப்பட ஒப்பீடுதான் கைகொடுத்தது. (இந்த இரண்டு உதாரணங்களைக் கேட்டு ஆசை வந்தால், விலை ஏறாமல் அலமாரியில் கிடக்கும் சட்டைகளைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, உங்கள் ஜாக்கெட்டுக்கு வருவோம். 'படத்தில் அணிந்தது' என்கிறார். சினிமாவில் ஒரே உடையைப் பல பிரதிகள் தைப்பார்கள். நாயகனுக்கு இரண்டு, சண்டைக் கலைஞருக்கு இரண்டு, கிழியப்போகும் காட்சிக்கு ஒன்று. இதில் உங்களுக்கு வருவது எது? திரையில் தெரிகிறதா, அல்லது படத்துக்காகத் தைத்து மாட்டாமலேயே வைத்ததா? தோலில் இயற்கையாக விழும் கோடும் மடிப்பும் ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் வேறு வேறு. அதனால் காட்சியின் தெளிவான படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சாத்தியமே. அந்த ஒப்பீட்டை விற்பனையில் சம்பந்தப்படாத ஒருவர் செய்திருக்க வேண்டும். படப்பிடிப்புத் தளத்திலிருந்து இவர் கைக்கு வந்த வழி முழுவதும் ரசீதோடு இருக்க வேண்டும். விற்பவரே அச்சடித்த சான்றிதழ், எத்தனை ஹாலோகிராம் ஒட்டியிருந்தாலும், அவர் எழுதிய கடிதம் மட்டுமே.

'நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்' என்பதில்தான் எனக்கு அதிக சந்தேகம். என்ன விலைக்கு? எத்தனை ஆண்டுகள் வரை? அவர் கடையை மூடிவிட்டால்? ஒன்பது ஆண்டு கழித்து உங்களுக்குப் பணம் தேவைப்படும் அதே சமயத்தில் சந்தை படுத்திருந்தால், அவரிடம் இதே உறுதி வாங்கிய எல்லோரும் வாசலில் நிற்பார்கள். தேதியும் விலையும் இல்லாத வாக்குறுதிக்கு என் கணக்கில் மதிப்பு பூஜ்யம்.

ஏற்கெனவே இருக்கும் இரண்டு அலமாரியில் உங்களுக்கு நிறைய வேலை இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் புகைப்படம், வாங்கிய நாள், விலை, யாரிடம், ரசீது எங்கே என்று ஒரு பட்டியல் போடுங்கள். வீட்டு இன்சூரன்ஸில் இவற்றுக்கு வரம்பு இருக்கலாம், பாலிசியை எடுத்துப் படியுங்கள். கையெழுத்துப் படங்களை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மார்க்கர் மை வெளிறிவிடும். லேமினேட் செய்துவிடவே வேண்டாம். அப்புறம் நான்கு வகையும் சேர்ப்பதை நிறுத்தி, உங்களுக்கு உண்மையிலேயே நுணுக்கம் தெரிந்த ஒன்றில் நில்லுங்கள். உங்கள் கேள்வியில் கடிதங்களைப் பாடகர்கள் எழுதியவை என்று சொல்லியிருக்கிறீர்கள், அந்த ஒன்று கடிதங்கள்தான் என்பது என் ஊகம். மற்றவற்றில் மனசு ஒட்டாத சில பொருட்களை விற்றுப் பாருங்கள். விற்பது எவ்வளவு நாள் பிடிக்கும், கையில் எவ்வளவு வரும் என்பது உங்கள் சொந்த அனுபவத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஜாக்கெட்டின் மேல் இருக்கும் ஆசை எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

இனி வாங்குவதற்கான பணம் வீட்டுச் செலவுப் பட்டியலில் பயணம், பொழுதுபோக்கு இருக்கும் வரியிலிருந்து வரட்டும். அந்த வரியில் எவ்வளவு என்பதை நீங்களும் கணவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அதற்குள் அடங்கினால் அவரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. விற்று வரும் பணத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். ஓய்வுக்கால நிதியைத் தொட வேண்டாம், தவணையில் வாங்கவும் வேண்டாம். விற்பனையாளர் 'வேறொருவர் காத்திருக்கிறார்' என்று அவசரப்படுத்தினால், அவருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.