காஸ்ட்யூம் ஹெல்மெட்டில் கறுப்பு பெயிண்ட் தடவினால் வெறும் அழுக்காகத்தான் தெரிகிறது. போரில் அடிபட்டது போல் காட்டுவது எப்படி?

கறுப்பு கடைசியில் வர வேண்டியது. முதலிலேயே அதைத் தடவினால் அழுக்குதான் தெரியும். அடி தெரிய வேண்டுமென்றால் பெயிண்ட் பெயர்ந்து உள்ளிருக்கும் உலோகம் தெரிய வேண்டும். அந்த உலோகத்தை நீங்கள்தான் அடியில் பூசி வைக்க வேண்டும்.

ஆழமான வெட்டுகளைப் பிரைமர் (அடிப்பூச்சு) அடிப்பதற்கு முன்பே முக்கோண அரத்தால் போட்டுவிடுங்கள் (முகக்கவசம் கட்டாயம்). நிஜ வெட்டு ஒரு முனையில் ஆழமாக இறங்கி, மறுமுனையில் மெலிந்து மறையும். முழு நீளத்துக்கும் ஒரே அகலம் இருந்தால் அரம் பட்ட தடம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

பிறகு 400 நம்பர் உப்புத்தாள், பிரைமர், அதன்மேல் சில்வர். ஒரு நாள் காயவிட்டு, பளபளப்பான கிளியர் கோட் (நிறமில்லாத காப்புப் பூச்சு) 2 முறை அடித்து, மறுபடி ஒரு நாள் விடுங்கள். இந்த கிளியர் கோட்டை விட்டுவிட்டால் பின்னால் உரிக்கும்போது சில்வரும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்தது மாஸ்கிங் ஃப்ளூயிட், அதாவது ரப்பர் போலக் காய்ந்து, பிறகு மேலிருக்கும் பெயிண்டோடு உரிந்து வரும் திரவம். ஸ்பாஞ்சைக் கையால் பிய்த்து, அந்தக் கரடான முனையில் தொட்டு ஒற்றுங்கள். பிரஷ்ஷால் வைத்தால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். விளிம்புகள், உச்சி, கன்னப் புடைப்பு, கழற்றும்போது கை பிடிக்கும் இடம் ஆகியவை போதும். பள்ளங்களில் பெயிண்ட் பெயராது, அங்கே வைக்காதீர்கள். எல்லாப் பக்கமும் சமமாகத் தூவுவதுதான் பலரும் செய்யும் தப்பு.

பெயிண்ட் பெயர்ந்த பெரிய சில்லுகளுக்கு இரண்டு அடுக்காகச் செய்யுங்கள். ஒற்றியது காய்ந்ததும் சாம்பல் நிறம் அடித்து, அதே இடத்தில் 1 மி.மீ. பெரிதாக மறுபடி ஒற்றி, அதன்மேல் மேல்நிறம். உரித்தால் நடுவில் உலோகம், சுற்றிலும் சாம்பல் கோடு, அதற்கப்பால் பெயிண்ட். கிட்டே வைத்துப் பார்த்தாலும் நிஜச் சில்லு போலவே இருக்கும்.

மேல்நிறம் மெல்லிய பூச்சாக 2 அல்லது 3 முறை போதும். தடித்தால் உரிக்கும்போது தோல் போல இழுபட்டு விளிம்பு கிழியும். தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் மாஸ்கிங் ஃப்ளூயிடை விரலால் தேய்த்து உரித்துவிடுங்கள். நாள்கணக்கில் விட்டால் அது இறுகி, துண்டு துண்டாகத்தான் வரும்.

அழுக்குக்கு முன் இன்னொரு பளபளப்பான கிளியர் கோட் வேண்டும். மேட் (பளபளப்பில்லாத) பரப்பு சாயத்தை உறிஞ்சிக் கறையாக்கிவிடும். அழுக்குச் சாயத்துக்கு பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) அக்ரிலிக் 2 பங்கு, கறுப்பு 1 பங்கு, தண்ணீர் சுமார் 10 பங்கு, ஒரு சொட்டு பாத்திர சோப்பு. உள்ளங்கை அளவு இடத்தில் தடவி, ஒரு நிமிடத்துக்குள் ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மழைநீர் ஓடும் திசை அதுதான். துரு வேண்டுமா என்பதை ஹெல்மெட் எந்த உலோகம் போலக் காட்டப்படுகிறது என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியத்தில் செந்துரு வராது.

குண்டு பட்ட இடத்தில் கறுப்பு பிக்மென்ட் பொடியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து, மேட் கிளியர் கோட்டால் நிலைநிறுத்துங்கள். அந்த ஸ்ப்ரேயில் பொடி கொஞ்சம் மங்கும் என்பதால் தேவைக்குச் சற்று அதிகமாகவே போடலாம்.

கிராஃபைட் பொடியை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு விளிம்புகளில் விரலால் தேயுங்கள். அதன்மேல் கிளியர் கோட் பட்டால் உலோக மினுக்கு போய்விடும். கையில் கொஞ்சம் ஒட்டும், தேய்ந்த இடத்தில் மறுபடி தடவிக்கொள்ளலாம்.