பத்திரத்தில் எழுதிக்கொண்டால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: நான் ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவர் பெங்களூரில் ஓட்டல் வேலை. கல்யாணம் சேலத்தில் நடந்தது. 2019 ஜனவரியிலிருந்து பிரிந்து வாழ்கிறோம். ஏழு வயது மகள் என்னிடம் இருக்கிறாள். சேர்ந்து வாழ இருவருக்குமே விருப்பமில்லை. ஊரடங்கில் அவர் சம்பளம் பாதியாகிவிட்டது. கோர்ட்டும் சரியாக நடக்கவில்லை, மலைக்கு வர இ-பாஸ் வேறு. "ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் முடிந்தது" என்கிறார் பெரியப்பா. என் பத்துப் பவுன் நகை கணவர் பெயரில் அடகில் இருக்கிறது. அதையும் சேர்த்து நான்கு லட்சம் தருவதாகச் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
- வாசகி, ஏற்காடு (அக்டோபர் 2020)

பதில்: பெரியப்பா நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பத்திரத்தால் உங்கள் திருமணம் முறியாது. நாளை நீங்களோ அவரோ மறுமணம் செய்தால், முதல் திருமணம் சட்டப்படி அப்படியே நிற்கும். சில சமூகங்களில் தலைமுறையாக உள்ள, கோர்ட்டுக்குப் போகாமலே திருமணத்தைத் தீர்த்துவிடும் வழக்கத்தை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

பேச்சை வெளியே முடியுங்கள், தீர்ப்பைக் கோர்ட்டில் வாங்குங்கள். சட்டத்தின் 13பி பிரிவில் இருவரும் சேர்ந்து மனு போடலாம். அதற்கு ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரசம் பலிக்காமல், ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடியோ மூலம் ஆஜராகலாம், நியாயமான காரணம் இருந்தால் பெற்றோரோ உடன்பிறந்தவரோ பிரதிநிதியாக வரலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பெங்களூரில் மாட்டிக்கொண்டவருக்கு இந்த நேரத்தில் இதைவிட உதவி என்ன வேண்டும்? திருமணம் நடந்த ஊர் என்பதால் சேலத்திலேயே மனு போடலாம்.

இப்போது அந்த நான்கு லட்சம். நகையை அதில் சேர்க்கவே விடாதீர்கள். அது உங்களுக்கே சொந்தமான சீதனம், அவர் தரும் தொகை அல்ல. ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்தீர்கள். அந்தக் கணக்கில் உங்கள் பத்துப் பவுனே நான்கு லட்சத்துக்கு மேல்! அப்படியானால் உங்களுக்கும் மகளுக்கும் அவர் தருவது என்ன? ஒப்பந்தத்தில் நகையை ரூபாயில் எழுதாமல் பவுனில் எழுதுங்கள். அடகு ரசீதின் நகலை வாங்கி, இதுவரை ஏறிய வட்டி எவ்வளவு, யார் கட்டி மீட்பது, எந்தத் தேதிக்குள் என்பதையும் சேருங்கள்.

அவருக்குச் சம்பளம் பாதி என்பதையும் மறக்காதீர்கள். கட்ட முடியாத தொகைக்குக் கையெழுத்து வாங்கி வைத்தால், பின்னால் அதை வசூலித்துத் தரச் சொல்லும் நிறைவேற்று மனுவோடு நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அவரால் முடிகிற தொகையைத் தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை இறுதி விசாரணையன்று டிமாண்ட் டிராஃப்டாகக் கேளுங்கள். அதுவரை உங்கள் இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அதனால் இது முக்கியம்.

மகளின் பராமரிப்பு தனிக் கணக்கு. அதை நீங்கள் விட்டுக்கொடுத்தாலும் அவள் உரிமை போகாது. 'இனி எதுவும் கேட்கமாட்டோம்' என்ற வரியில் அவள் பெயர் வரக்கூடாது. மாதத் தொகை, பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, அப்பா எந்த நாளில் பார்ப்பார், பயணம் முடியாதபோது எந்த நேரத்தில் வீடியோ அழைப்பு என்று தெளிவாக எழுதுங்கள். அவள் அப்பாவை இழக்கக்கூடாது.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அவர் தரப்பு எழுதிய காகிதம் எதுவாக இருந்தாலும், உங்கள் வக்கீல் படிக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.