பைபாஸுக்குப் பிறகு ஓடலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 56. பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன். நான்கு மாதங்களுக்கு முன் எனக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன் பினாங்குப் பாலத்து ஓட்டத்தில் கலந்துகொள்வது வழக்கம். இப்போது காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ஓடக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்கிறார். சென்ற வாரம் அவருக்குத் தெரியாமல் சற்று ஓடிப் பார்த்தேன். நன்றாக மூச்சு வாங்கியது. ஆனால் கைக்கடிகாரத்தில் நாடித் துடிப்பு 105-ஐத் தாண்டவே இல்லை. என் இதயம் பலவீனமாகிவிட்டதா? நீங்களும் இந்தச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஓடுகிறவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடிகாரம் காட்டிய 105-ஐ மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் பலருக்கு பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அவற்றின் வேலை. உங்கள் மருந்துகளில் அப்படி ஒன்று இருந்தால், 220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித் துடிப்பைக் கணிக்கும் பழைய கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. பழைய எண்ணை எட்டியே தீருவேன் என்று வேகத்தைக் கூட்டினால், இதயம் தாங்கக்கூடிய அளவைக் கடந்த பிறகும் கடிகாரம் அமைதியாகவே இருக்கும்.

ஆகவே மூச்சைக் கவனியுங்கள். உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதை அளக்க சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலில் 6 என்பது முழு ஓய்வு, 20 என்பது இனி ஓர் அடியும் முடியாது என்ற நிலை. மறுவாழ்வுப் பயிற்சியில் பொதுவாக 11 முதல் 13 வரைக்குள் நிற்கச் சொல்வார்கள். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல முடிந்தால் நீங்கள் அந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள்.

பிளந்து எஃகுக் கம்பியால் கட்டிய நெஞ்செலும்பு கூடுவதற்குப் பெரும்பாலும் 8 முதல் 12 வாரங்கள் ஆகும். நீங்கள் அதைக் கடந்துவிட்டீர்கள். ஆனாலும் இருமும்போதோ புரண்டு படுக்கும்போதோ எலும்பு அசைவதுபோல் தோன்றினால், ஓட்டத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் அறுவை மருத்துவரைப் பாருங்கள். அடுத்து, ஈசிஜி கருவியைப் பொருத்திக்கொண்டு செய்யும் டிரெட்மில் சோதனையைக் கேளுங்கள். எவ்வளவு ஓடலாம் என்று அறிவதற்கான சோதனை என்பதால் வழக்கமான மாத்திரைகளோடு அதைச் செய்யலாமா என்றும் கேளுங்கள். ஓடப்போவது அந்த மாத்திரைகளோடுதானே. மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் ஓடியதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது. வழியில் மயங்கி விழுந்தால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதுகூட யாருக்கும் தெரிந்திருக்காது.

மருத்துவர் அனுமதித்த பின், ஒரு நிமிடம் மெதுவோட்டம், நான்கு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம் போதும். முன்னும் பின்னும் பத்து நிமிட நடை கட்டாயம். பின்னால் வரும் நடையைப் பற்றி நான் பிடிவாதமாகவே சொல்வேன். தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவில் காலையில் பாருங்கள்: வேகமாக ஓடி வந்தவர்கள் வாசலை எட்டியதும் சட்டென்று நின்று, இடுப்பில் கை வைத்துக் குனிகிறார்கள். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகின்றன. சட்டென்று நின்றால் அந்த உதவி நின்றுபோய் இரத்தம் கால்களிலேயே தேங்குகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் உடலைக் குளிர்விக்கத் தோலின் இரத்தக் குழாய்களும் விரிந்திருக்கும். அதோடு இரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் அழுத்தம் மளமளவென்று இறங்கித் தலை சுற்றும். இளைஞர் சமாளித்துவிடுவார், நாம் அந்தச் சோதனையில் இறங்கக் கூடாது.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே ஓட வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 999-ஐ அழையுங்கள்.

பாலத்து ஓட்டத்தை இவ்வாண்டு விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. கடலின் மேல் மட்டும் அந்தப் பாலம் 8.4 கிலோமீட்டர், நடுவில் முடியவில்லை என்றால் நினைத்த இடத்தில் விலகிக்கொள்ள வழியில்லை. எந்த இடத்தில் நின்றாலும் சில நிமிடங்களில் வாசலுக்குத் திரும்பிவிடக்கூடிய பூங்காச் சுற்றே இப்போது உங்களுக்கு ஏற்றது. டிரெட்மில் சோதனையில் என்ன சொன்னார்கள் என்பதை எழுதுங்கள். அடுத்த ஆண்டைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்