வெளிநாட்டு மலைப்பாதையில் பைக் பயணம்: வழிகாட்டியோடு போவதா, தனியாக வாடகைக்கு எடுத்து ஓட்டுவதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தமிழ்நாட்டு லைசென்ஸ் வைத்திருக்கிறார், வியட்நாமும் தாய்லாந்தும் மனத்தில் இருக்கின்றன என்று குறிப்பிட்டிருப்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். வியட்நாமின் ஹா ஜியாங் சுற்றுக்கு (கிளம்பிய ஊருக்கே திரும்பி வரும் மலைப்பாதை) உள்ளூர் ஓட்டுநர் ஓட்ட, பின்சீட்டில் உட்கார்ந்து போங்கள். தாய்லாந்தின் மே ஹாங் சோன் சுற்றுக்கு பைக்கை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுங்கள். இரண்டு இடத்திலும் மலை உண்டு, வளைவு உண்டு, பைக் வாடகையும் மலிவு. ஆனாலும் பதில் மாறுகிறது. அதற்குக் காரணம் உங்கள் கையில் இருக்கப்போகும் ஐடிபி புத்தகம், அதாவது வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி.

இந்திய ஆர்டிஓ தரும் ஐடிபி 1949 ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின்படி வழங்கப்படுவது. வியட்நாம் ஏற்பது 1968 ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டதை மட்டும். ஆகவே உங்கள் ஐடிபி அங்கே செல்லாது. 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு அங்கே லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் அந்த வண்டியை நம்பி ஹா ஜியாங் ஏற்றங்களுக்குப் போக முடியாது. தாய்லாந்து 1949 ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அங்கே இந்திய ஐடிபியும் அசல் லைசென்ஸும் சேர்ந்து இருந்தால் சட்டப்படி ஓட்டலாம். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஹா ஜியாங்கில் வாடகைக்கு விடும் கடைகள் பல, லைசென்ஸைப் பார்க்காமலே சாவியைக் கொடுத்துவிடும். கடை கொடுத்துவிட்டது என்பது அனுமதி ஆகாது. அந்தப் பாதையில் போலீஸ் சோதனை உண்டு. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 168 ஆம் எண் ஆணைப்படி, செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் 125 சிசி வரையிலான பைக் ஓட்டினால் அபராதம் 20 முதல் 40 லட்சம் டாங். நம் காசில் சுமார் 7,000 முதல் 14,000 ரூபாய். 125 சிசிக்கு மேல் போனால் 60 முதல் 80 லட்சம் டாங். வண்டியையும் பிடித்து வைக்கலாம்.

அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பயணக் காப்பீட்டு பாலிசிகளில் 'அந்த நாட்டில் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்க வேண்டும்' என்ற நிபந்தனை அநேகமாக இருக்கும். அது இல்லாமல் விழுந்து கால் முறிந்தால், 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஹனோய்க்கு ஆம்புலன்ஸில் போவது, அறுவை சிகிச்சை, ஊர் திரும்ப மாற்று டிக்கெட் எல்லாம் உங்கள் பையிலிருந்துதான் போகும். எதிரில் வந்தவருக்கு அடிபட்டால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியவர் என்ற நிலையில் போலீஸ் முன்னால் நிற்க வேண்டும். என் கருத்தில், இந்த ஒரு காரணமே முடிவெடுக்கப் போதும்.

'வழிகாட்டியோடு போவது' என்று விளம்பரங்களில் வருவது மூன்று வேறு வேறு விஷயம். முதலாவது, ஈஸி ரைடர்: உள்ளூர்க்காரர் ஓட்டுவார், நீங்கள் பின்னால் உட்காருவீர்கள். இரண்டாவது, நீங்கள் தனி வண்டி ஓட்டுவீர்கள், முன்னால் ஒரு வழிகாட்டி போவார். மூன்றாவது, முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், பின்னால் சாமானும் உதிரிபாகமும் ஏற்றிய வேன் என்று முழு ஏற்பாடு. பலரும் ஏமாறுவது இரண்டாவது வகையில். முன்னால் வழிகாட்டி போனாலும் ஹாண்டில்பாரைப் பிடித்திருப்பது நீங்கள்தான். உங்கள் லைசென்ஸ் சிக்கல் அப்படியே இருக்கும். 'போலீஸை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்பவர் காப்பீட்டு நிறுவனத்தைப் பார்த்துக்கொள்ள மாட்டார்.

ஹா ஜியாங் சுற்று ஏறக்குறைய 350 கிலோமீட்டர். யென் மின், டோங் வான், மா பி லெங் கணவாய், மியோ வாக், டூ ஜியா வழியாகத் திரும்பி வருவது வழக்கமான பாதை. வரைபடத்தில் ஒரு நாளைக்கு 100, 120 கிலோமீட்டர்தான் காட்டும். சராசரி வேகம் மணிக்கு 25, 30 தாண்டாது என்பதால் அதற்கே பகல் முழுவதும் வேண்டும். மூன்று பகல், இரண்டு இரவு என்று விற்பதே அதிகம். நான்கு பகல் எடுத்தால்தான் மா பி லெங்கில் நின்று நோ குவே ஆற்றைப் பார்க்கவும், மழை வந்தால் ஓரிடத்தில் காத்திருக்கவும் நேரம் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மண்சரிவும். மியோ வாக்கிலிருந்து டூ ஜியா வரும் பகுதி அப்போது சேறாகிவிடும். அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்ற தானியச் செடி பூக்கும், வானம் தெளிவாக இருக்கும், கூட்டமும் அப்போதுதான் அதிகம். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டமும் குளிரும். பின்சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் நன்றாகக் குளிரும் என்பதால் கையுறையும் காற்று புகாத மேல்சட்டையும் கட்டாயம்.

முன்பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துபவரிடம் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு குழுவில் எத்தனை வண்டி? எட்டு, பத்து என்றால் சரி. இருபது, முப்பது வண்டி ஒன்றாகக் கிளம்பும் குழுக்களும் உண்டு, அவற்றைத் தவிருங்கள். எனக்கு ஓட்டப்போகிறவரிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருக்கிறதா? ஹெல்மெட் என் தலை அளவில், முகம் மூடும் வகையில் கிடைக்குமா? மழையால் பாதை அடைபட்டால் மாற்று வழி என்ன, பணம் திரும்ப வருமா? வெளிநாட்டவருக்கு எல்லைப் பகுதி அனுமதிச் சீட்டு தேவைப்பட்டால் அதை எடுத்துத் தருவது யார் பொறுப்பு?

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி மது பற்றியது. தங்கும் வீடுகளில் இரவுச் சாப்பாட்டோடு சோளச் சாராயம் சுற்றி வரும். விருந்தினரோடு சேர்ந்து ஓட்டுநரும் குடிப்பது அங்கே சாதாரணமாக நடக்கிறது. வியட்நாமில் 2020 முதல் ஓட்டுபவரின் இரத்தத்தில் மது துளிகூட இருக்கக் கூடாது. இரவு பதினொரு மணிவரை குடித்தவரின் உடம்பில் காலை எட்டு மணிக்கும் மிச்சம் இருக்கலாம். 'என் ஓட்டுநர் இரவில் குடிக்கக் கூடாது' என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். நீங்களும் அவருக்கு ஊற்றிக் கொடுக்காதீர்கள். காலையில் சந்தேகம் வந்தால் வண்டியில் ஏறாமல் வேறு ஓட்டுநரைக் கேளுங்கள். காசு கொடுத்தவர் நீங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

பின்சீட்டுப் பயணத்துக்கும் ஒரு முறை உண்டு. தோளைப் பிடிக்காதீர்கள், பின்னால் இருக்கும் கம்பியைப் பிடியுங்கள். வளைவில் அவர் சாயும் பக்கம் அவரோடு சாயுங்கள், எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் வண்டி வெளியே தள்ளும். பையை முதுகில் மாட்டாமல் வண்டியில் கட்டச் சொல்லுங்கள். தோளில் இரண்டு தட்டு என்றால் மெதுவாக, மூன்று என்றால் நிறுத்து என்று கிளம்பும்போதே பேசி வையுங்கள்.

தாய்லாந்து வேறு கதை. சாலை இடதுபக்கம், நம் ஊர் மாதிரியே. மே ஹாங் சோன் சுற்று சுமார் 600 கிலோமீட்டர், முழுவதும் நல்ல தார்ச்சாலை. சியாங் மாயிலிருந்து 1095 ஆம் எண் சாலையில் பாய் என்ற ஊர் வரை 130 கிலோமீட்டர், அடுத்த நாள் மே ஹாங் சோன் 110, பிறகு 108 ஆம் எண் சாலையில் குன் யுவாம் வழியாக மே சரியாங் 165, கடைசி நாள் சியாங் மாய் திரும்ப 190 வரை. நாட்டின் மிக உயரமான சிகரமான டோய் இந்தனோனுக்கு, 2,565 மீட்டர், ஒரு நாள் கூட்டிக்கொண்டால் ஐந்து நாள். ஊர்கள், பெட்ரோல் பங்குகள், மருத்துவமனைகள் எல்லாம் வழியிலேயே இருக்கின்றன. இங்கே வழிகாட்டிக்குக் காசு கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை போங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல், காடு எரிப்புப் புகையில் மலையே தெரியாது, மூச்சுவிடுவதும் சிரமம்.

ஒருவர் மட்டும் என்றால் 125 சிசி போதும். புல்லட் பழக்கத்தில் 500 சிசி கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்த வளைவுகளில் எடை குறைந்த வண்டிதான் சுகம், கீழே போட்டாலும் சேதம் குறைவு. கடையில் பாஸ்போர்ட்டை அடகாகக் கேட்டால் கொடுக்காமல், நகலும் ரொக்க முன்பணமும் ஏற்கும் கடைக்குப் போங்கள். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தால் ஒரு கீறலுக்கு அவர்கள் சொல்வதுதான் விலை. வண்டியைச் சுற்றி, அடிப்பாகம், கண்ணாடி, சைலன்சர் உட்பட, கடைக்காரர் இருக்கும்போதே வீடியோ எடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடத்துக்கு மேல் பழையது என்றால் மாற்று வண்டி கேளுங்கள், ரப்பர் இறுகியிருக்கும், ஈரத்தில் வழுக்கும். பிரேக் பேடில் தடிமன் இருக்கிறதா, இரண்டு பிரேக்கில் எதைப் பிடித்தாலும் பிரேக் விளக்கு எரிகிறதா, செயின் வண்டி என்றால் நடுவில் மேலும் கீழும் இரண்டரையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். அங்கே கட்டாயக் காப்பீடு ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும், அதுவும் சிறிய தொகைக்கு. வண்டிச் சேதத்துக்கும் திருட்டுக்கும் கடை தனியாக ஏதாவது தருகிறதா, உங்கள் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் இருசக்கர வாகனம் ஓட்டுவது சேர்ந்திருக்கிறதா, எத்தனை சிசி வரை என்பதையும் மின்னஞ்சலில் பதிலாக வாங்கி வையுங்கள். போனில் சொன்னது கிளெய்ம் நேரத்தில் உதவாது.

இந்தப் பாதையில் அதிகக் கவனம் வேண்டியது இறக்கத்தில். ஸ்கூட்டரில் கியர் இல்லாததால் முழு எடையையும் பிரேக்கே தாங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடி வேகம் ஏறக்குறைய 15க்குக் கீழே போனதும் உள்ளே இருக்கும் கிளட்ச் விடுபட்டுவிடும். அதன்பின் எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, வண்டி சும்மா உருளும். அதைத் தவிர்க்க வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிறகு லேசாக ஆக்ஸிலரேட்டரைத் தொட்டு கிளட்சைப் பிடிக்க வைத்து இறங்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், அழுத்தியபடியே இறங்கினால் பேடு சூடேறி, எரிந்த வாசனை வரும், பிறகு லிவர் பஞ்சு போல உள்ளே போகும். அப்படி ஆனால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடலாம். இறக்கத்துக்கு ஸ்கூட்டரை விட, கிளட்ச் லிவர் இல்லாத நான்கு கியர் வண்டி மேல். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள், கொண்டை ஊசியில் இரண்டாவது. அந்த வண்டியில் கியர் பெடலை மிதித்தபடி வைத்திருந்தால் கிளட்ச் திறந்தே இருக்கும், எஞ்சின் பிடிப்பு போய்விடும். மிதித்த உடனே காலை எடுங்கள்.

தனியாக ஓட்டத் தயாரா என்று சந்தேகமா? கொல்லிமலைக்குப் போய்ப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக் வாசனை வராமல், நடுக்கோட்டைத் தாண்டாமல், வழியில் பதறாமல் இறங்க முடிந்தால் மே ஹாங் சோன் உங்களால் முடியும். முடியவில்லை என்றால் தாய்லாந்திலும் வழிகாட்டிக் குழுவில் சேருங்கள். சேரும்போது கடைசியில் வரும் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். முன்னால் ஒருவர் மட்டும் இருக்கும் குழுவில் கடைசி வண்டிக்காரர் எப்போதும் பிடித்துச் சேர வேகமாக ஓட்டிக்கொண்டே இருப்பார், விழுவதும் அவர்தான். நல்ல குழுவில் ஒவ்வொரு சந்திப்பிலும் முன்னவர் தனக்கு அடுத்து வருபவரை நிறுத்திவிட்டுப் போவார். கடைசி ஆள் வந்து சேரும்வரை அவர் அங்கேயே நின்று வழி காட்டுவார். இந்த ஏற்பாடு இருந்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை, அவரவர் வேகத்தில் வரலாம்.

ஐடிபிக்கு பரிவாகன் தளத்தில் 4ஏ படிவம் நிரப்பி உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். கையில் வாங்கியதும் 'ஏ' வகைக்கு எதிரே முத்திரை இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். அதுதான் மோட்டார் சைக்கிளுக்கானது. 'பி' மட்டும் இருந்தால் கார் மட்டுமே ஓட்டலாம். போனில் இரண்டு நாட்டு எண்களையும் பதிந்து வையுங்கள்: தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலா போலீஸ் 1155. வியட்நாமில் ஆம்புலன்ஸ் 115, போலீஸ் 113.