360-ஐ அடுத்தடுத்த எண்களாகப் பிரித்தால்: 23 வழியா, 5 வழியா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகளுக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுத்தார்கள். ஓர் எண்ணை அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்று கேட்டால், மொத்தக் காரணிகளில் ஒன்றைக் கழிக்க வேண்டுமாம். 360-க்கு அப்படிப் போட்டால் 23 வருகிறது. விடைப் பட்டியலில் 5 என்று இருக்கிறது. எது சரி?

பதில்: 5தான் சரி. எண்ண வேண்டியது ஒற்றைக் காரணிகளை மட்டும். 360-க்கு அவை 1, 3, 5, 9, 15, 45 என ஆறு. ஒன்றைக் கழித்தால் ஐந்து.

காரணம் எளிது. 3-ஐ எடுங்கள். 360-ஐ 3-ஆல் வகுத்தால் 120. அதை நடுவில் வைத்து மூன்று எண்கள்: 119+120+121. அதே மாதிரி 5-க்கு 70 முதல் 74 வரை, 9-க்கு 36 முதல் 44 வரை, 15-க்கு 17 முதல் 31 வரை. 45-க்கு நடு எண் 8. இரண்டு பக்கமும் 22 எண்கள் வைத்தால் −14-இல் தொடங்கி 30-இல் முடியும். −14 முதல் 14 வரை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், மிச்சம் 15 முதல் 30 வரை. கூட்டிப் பாருங்கள், 360 வரும். காரணி 1 தருவது 360 என்ற தனி எண்ணை, அதைத்தான் கழிக்கிறோம்.

அந்தக் குறுக்குவழி 45 போன்ற ஒற்றை எண்ணுக்குச் சரியாக வரும், ஏனென்றால் அதன் காரணிகள் எல்லாமே ஒற்றை. வகுப்பில் 15, 45 என்று போட்டுக் காட்டிவிட்டுக் கட்டணம் வாங்கிக்கொள்கிறார்கள். 'ரகசியச் சூத்திரம்' என்று பிடிஎஃப் விற்பவர்களும் இருக்கிறார்கள். சில்வெஸ்டர் என்ற ஆங்கிலேயக் கணிதர் 1882-லேயே இதைவிடப் பொதுவான ஒன்றை நிறுவி அச்சிட்டுவிட்டார். இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? தயவுசெய்து காசு கொடுக்காதீர்கள். எந்தக் குறுக்குவழி வந்தாலும் முதலில் 16-இல் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏன் 16? 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகும் எண்களுக்கு ஒரு வழிகூடக் கிடையாது. அடுத்தடுத்த எண்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் கூட்டினால், அந்த எண்ணிக்கையே கூடுதலை மீதியின்றி வகுக்கும். இரட்டைப்படையில் கூட்டினால், முதல் எண்ணும் கடைசி எண்ணும் சேர்ந்து ஒற்றை எண்ணாகும், அது வகுக்கும். எப்படிப் பார்த்தாலும் 1-ஐவிடப் பெரிய ஓர் ஒற்றைக் காரணி தேவை. 16-க்கு அது இல்லை. 64-க்கும் இல்லை. உங்கள் மகளின் குறுக்குவழியோ 16-க்கு 4 என்று சொல்லும். 7+9 என்று எழுதிக் காட்டினால் ஏமாற வேண்டாம். நடுவில் 8 விட்டுப்போயிருக்கிறது.

கேள்வி அமைப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 'குறைந்தது இரண்டு எண்கள்' என்று எழுத எவ்வளவு இடம் ஆகிவிடும்? அதை விட்டுவிட்டு விடைகளில் 5-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? 'கூட்டல்' என்று இருந்தால் குறைந்தது இரண்டு என்று எடுத்துக்கொண்டு 5-ஐக் குறிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், இயல் எண்கள் என்பதற்குப் பதில் 'முழுக்கள்' என்று கேட்டிருந்தால் குறை எண்களும் சேரும். மேலே அடிபட்டுப்போன −14 முதல் 30 வரை உள்ள வரிசையும் அப்போது கணக்கில் வரும். ஒற்றைக் காரணிகளை இரட்டித்து ஒன்றைக் கழிக்க வேண்டும், 360-க்கு 11.