வாசகர் கேள்வி–பதில்: சுவிட்சர்லாந்தில் சிக்கனமாக ஒரு கோடை

கேள்வி: பெரம்பூரைச் சேர்ந்த எனக்கு 22 வயது. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. ஜூன் கடைசியில் கல்லூரித் தோழிகள் இருவருடன் பன்னிரண்டு நாள் சுவிட்சர்லாந்து போய்வர ஆசை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் அப்பாவோ, "அங்கே மூன்று பேர் காபி குடிக்கிற காசில் இங்கே நாலு நாள் சமையல் ஆகிவிடும்" என்கிறார். பேக்கேஜ் டூர் இல்லாமல், எங்கள் சேமிப்பிலேயே இது முடியுமா?

பதில்: அப்பா சொல்வதில் மிகை அதிகம் இல்லை. ஒரு காபி ஏறத்தாழ 5 பிராங்க். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். ஆயினும் முடியும் என்பதே என் பதில். அந்த நாட்டில் பணம் கரைவது பெரும்பாலும் படுக்கையிலும் பயணச்சீட்டிலும்தான் என்பதால், எந்த ஊரைப் பார்ப்பது என்று தொடங்காமல் எங்கே தங்குவது என்று தொடங்குங்கள். ஜெனிவா, பேர்ன், பாசல் போன்ற நகரங்களில் விடுதியில் இரவு தங்குகிறவர்களுக்கு, அது பங்க் படுக்கை போட்ட ஹாஸ்டலாகவே இருந்தாலும், நகரப் பேருந்திலும் டிராமிலும் இலவசமாகச் செல்லும் அட்டை ஒன்று கிடைக்கிறது. தெற்கே இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்தில் அந்த அட்டை மாநிலம் முழுவதற்கும், மலைக்கிராமங்களுக்கு ஏறும் மஞ்சள் அஞ்சல் பேருந்துக்கும் சேர்த்தே செல்லும். சூரிச்சில் காசு கொடுத்துத்தான் அட்டை வாங்க வேண்டும். ஆகவே விமானம் அங்கே இறங்கினாலும் அங்கேயே தங்கிவிட வேண்டாம்.

ஜெனிவா, பேர்ன், டிச்சினோவிலுள்ள லுகானோ ஆகிய மூன்று ஊர்களில் நான்கு நான்கு இரவுகள் தங்கினால் நெடுந்தூர ரயில் ஏறும் நாட்கள் மிகச் சிலவே. 25 வயது நிறையாதவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில், நாடு முழுவதும் ரயிலிலும் பேருந்திலும் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் இருக்கிறது என்று எல்லோரும் உங்களுக்குச் சொல்வார்கள். தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு அது லாபம், உங்களுக்கு அவசியமில்லை. குறிப்பிட்ட ரயிலுக்கென விற்கும் சூப்பர்சேவர் சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள். முழுநாள் சுற்றும் நாளுக்கு மட்டும் சேவர் டே பாஸ் போதும். பயண நாள் நெருங்க நெருங்க இரண்டின் விலையும் ஏறும். சூப்பர்சேவர் வாங்கியவர் அந்த ரயிலைத் தவறவிட்டால் சீட்டு வெறும் காகிதம். பேர்ன் நிலையத்தில் தண்ணீர் பிடிக்கப் போய், ரயிலின் பின்விளக்கை மட்டும் பார்த்து நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

3454 மீட்டர் உயரத்திலிருக்கும் யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையத்துக்குப் போகாமல் திரும்பினால் ஊரில் கேட்பார்களே என்று கவலைப்படாதீர்கள். அந்த ஒரு நாள் சீட்டுக்கு ஆகும் பணத்தில் ஹாஸ்டலில் மூன்று இரவாவது தங்கலாம். மேகம் மூடிவிட்டால் மேலே வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதே மலையின் அடிவாரத்தில், லாட்டர்புரூனனிலிருந்து ஸ்டெக்கல்பெர்க் வரை சமதரையில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நடந்து போங்கள். 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாப்பாக் அருவி, பாதி வழியிலேயே காற்றில் சாரலாகிப் பாதையில் நடப்பவர் கண்ணாடியை நனைக்கும். அதற்குக் கட்டணம் கிடையாது. பேர்ன் நகரின் மார்சிலி குளிப்பிடமும் அப்படியே. கோடை மாலைகளில் அலுவலகம் விட்டவர்கள் ஆரே ஆற்றின் கரையோரமாக மேலே நடந்து போய்க் குதித்து, ஆற்றோடு மிதந்து வந்து, கரையிலுள்ள சிவப்புக் கம்பியைப் பிடித்து ஏறுவார்கள். நீச்சல் நன்றாகத் தெரிந்தாலொழிய இறங்காதீர்கள். தண்ணீர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இழுப்பும் கடுமை. காசிமேட்டில் நீந்திப் பழகியவருக்குக்கூட அது வேறு கணக்கு.

ஜெனிவாவில் 18-ஆம் எண் டிராமின் கடைசி நிறுத்தம் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகம். 2023-இல் திறந்த அதன் அறிவியல் அரங்குக்கு நுழைவுக்கட்டணம் இல்லை. வளாகத்தில் 2004-இல் இந்திய அரசு அளித்த நடராசர் சிலையும் நிற்கிறது.

அப்பாவுக்காக ஒன்று. அவர் வேலை பார்த்த தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று நேருவால் திறந்து வைக்கப்பட்டபோது, பெட்டி கட்டும் நுட்பம் வந்தது சூரிச்சை ஒட்டிய ஷ்லீரன் என்ற ஊரின் நிறுவனத்திடமிருந்து. புறநகர் ரயிலில் சில நிமிடங்கள்தான். திரும்பும் நாளில் இறங்கி அந்த நிலையத்தின் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம்; 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். கட்டணம் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். நாளொன்றுக்கு 100 பிராங்க், மாணவர் அடையாள அட்டை உள்ளவரானால் 30 பிராங்க் என்ற கணக்கில் கையிருப்பைக் காட்டச் சொல்வார்கள். நீங்கள் மூவரும் இப்போது மாணவர்கள் அல்லர் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: என் மகனும் நண்பர்களுடன் அங்கே போகிறான். சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? நெய், பால்கோவா, பொடி எல்லாம் கட்டிக் கொடுக்கலாமா? (தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தாய்)

பதில்: பருப்புப்பொடியும் நல்லெண்ணெயில் செய்த புளிக்காய்ச்சலும் கொடுத்தனுப்புங்கள் அம்மா, நெய், பால்கோவா வேண்டாம். இந்தியாவிலிருந்து பால்பொருளும் இறைச்சியும் கொண்டுவர அங்கே தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே கதிதான். சமையலறை உள்ள ஹாஸ்டலாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். மிக்ரோஸ் கடையில் எம்-பட்ஜெட் என்ற பச்சை உறையிட்ட மலிவுப் பொருட்களில் அரிசியும் தயிரும் கிடைக்கும். ஈழத் தமிழர்கள் பல்லாயிரம் பேர் வாழும் நாடாதலால் பெரிய நகரங்களில் தமிழ்க் கடைகளும் உண்டு. பேர்னில் யூரோப்பாபிளாட்ஸ் அருகே, 2014-இல் திறந்த சமயங்களின் இல்லத்தில் சிவன் கோயில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகளைத் தவிரப் பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும் என்பதால் சனி மாலையே வாங்கி வைக்க வேண்டும். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம்; சூரிச்சில் மட்டும் 1200-க்கு மேற்பட்ட குடிநீர் ஊற்றுகள் உள்ளன. "கைன் டிரிங்க்வாசர்" என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது. நம் ஊர் பிளக் அங்கே பொருந்தாது. அடாப்டர் ஒன்று இங்கேயே வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கூடாரம் போட்டு வெட்டவெளியில் தூங்கிவிட்டால் தங்கும் செலவே இல்லையே? (ராயபுரம் வாசகர்)

பதில்: அதற்கு நார்வே போக வேண்டும். அங்கே 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, வேலியிடாத காட்டுவெளியில் இரண்டு இரவு வரை கூடாரம் போடலாம். சுவிட்சர்லாந்தில் விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தேசியப் பூங்காவிலும் இயற்கைக் காப்பிடங்களிலும் முழுத் தடை. கூடாரம் கையில் இருந்தால் கட்டண முகாமில் போடுங்கள். டிச்சினோவில் முகாமில் தங்கினாலும் அந்தப் பேருந்து அட்டை கிடைக்கும்.