மெல்லிய தகட்டில் வெல்டு வைத்தால் நடுவில் உப்பிக்கொள்கிறது, எப்படித் தடுப்பது?

20 கேஜ் எம்.எஸ். (சாதாரண இரும்பு, மைல்ட் ஸ்டீல்) தகட்டை ஸ்கொயர் டியூப் ஃபிரேமில் வைத்துச் சுற்றிலும் வெல்டு அடித்தேன், நடுவில் உப்பிவிட்டது, அமுக்கினால் ‘டப்’ என்று உள்ளே போய்த் திரும்ப வெளியே வருகிறது, தட்டத் தட்ட இன்னும் மோசமாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சுத்தியைக் கீழே வையுங்கள். உப்பியிருப்பது நடுவில், கோளாறு ஓரத்தில்.

வட சென்னை கொடுங்கையூரில் எங்களுக்கு கேட், கிரில் பட்டறை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து தகடு வந்து இறங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். அதை நெளிய வைப்பது நம் கை வேலைதான்.

வெல்டு பட்ட இடம் சூடாகி விரியப் பார்க்கும். சுற்றியுள்ள தகடு குளிர்ந்து கிடப்பதால் விரிய விடாது. நீளத்தில் போக வழியில்லாமல் அந்த இரும்பு அங்கேயே தடித்துக்கொள்ளும். ஆறும்போது முன்பு இருந்ததைவிடக் குறுகிவிடும். நான்கு ஓரமும் இப்படிக் குறுகினால் நடுத் தகட்டுக்கு இடம் போதாது, அது வெளியே தள்ளிக்கொண்டு வரும். அந்த நடுவைத் தட்டினால் தகடு இன்னும் விரியும், உப்பலும் கூடும். அதனால்தான் தட்டத் தட்ட மோசமானது.

ஆகவே சூட்டைக் குறைப்பதுதான் வழி. அதற்கு முதல் கேள்வி, சுற்றிலும் முழு வெல்டு தேவையா? கதவுக்கும் கேட்டுக்கும் தேவையே இல்லை. 3 இன்ச்சுக்கு ஒரு சின்ன டேக் (புள்ளி வெல்டு) போதும், தகடு எங்கேயும் போகாது. கஸ்டமர் “ஃபுல்லா அடிங்க, அப்பதான் ஸ்ட்ராங்கு” என்பார். எடுத்துச் சொல்லுங்கள்.

டேக் வைக்கும் வரிசை முக்கியம். கார் வீல் நட்டை எதிரெதிராக முடுக்குகிறோமே, அப்படி. ஒரு பக்கத்தின் நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நடுவில் ஒன்று, பிறகு மற்ற இரண்டு பக்கம். அங்கிருந்து மூலையை நோக்கிப் போங்கள். மூலை கடைசி. மூலைகளை முதலில் பிடித்துவிட்டால் தகடு நகர வழியே இருக்காது. ஒவ்வொரு டேக்கும் ஒரு நொடிக்குள் முடிய வேண்டும். பக்கத்து இடத்தில் அடுத்ததை வைக்கும் முன் உள்ளங்கையை அங்கே வையுங்கள். தாராளமாக வைத்திருக்க முடிந்தால் அடிக்கலாம், கை சுட்டால் வேறு பக்கம் போங்கள். தகட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். டேக்குக்குப் பின்னால் சின்னதாக நீல வளையம் தெரிந்தால் சரி. நீலம் அகலமாகப் பரவியிருந்தால் ஒரே இடத்தில் அதிக நேரம் நின்றுவிட்டீர்கள். தகட்டை ஃபிரேமோடு அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப்பை ஜாப் முழுக்க ஆறிய பிறகே கழற்றுங்கள்.

20 கேஜ் என்றால் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. இதில் 3.15 மி.மீ. ராடைத் தொடவே வேண்டாம். ராடு வெல்டிங்தான் கையில் இருக்கிறது என்றால் 2 மி.மீ. 6013 வகை ராடு எடுங்கள்; டி.சி. இன்வெர்ட்டரில் ராடை மைனஸில் மாட்டுங்கள், தகட்டில் இறங்கும் சூடு குறையும். CO2 மெஷின் (கேஸ் பாய்ச்சி, வயரால் வெல்டு அடிப்பது) இருந்தால் 0.8 மி.மீ. வயர் நல்லது, ஆனால் அதில் வயர் பிளஸ்ஸில்தான் இருக்க வேண்டும், மாற்றாதீர்கள்.

நம் ஏரியாவில் CO2-வுக்கு ஒரு தொல்லை உண்டு. மதியம் கடல் காற்று எழுந்தால் வெல்டை மூடிக் காக்கும் கேஸை அடித்துக்கொண்டு போய்விடும். வெல்டில் பொடிப்பொடியாக ஓட்டை விழும். அதை மூட மேலேயே இன்னொரு முறை அடிப்போம், அந்த இரண்டாவது சூட்டில் தகடு வளைந்துவிடும். காற்று வரும் பக்கம் ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு அடியுங்கள், அல்லது காலையிலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இரண்டு தகட்டை ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதென்றால் இடைவெளியே இருக்கக் கூடாது. அடியில் ஒரு செம்புப் பட்டை வையுங்கள், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். செம்பு 1085 டிகிரியிலேயே உருகும், இரும்பு உருக 1500-ஐ ஒட்டி வேண்டும். ஆனாலும் செம்பு சூட்டை வேகமாக இழுத்துக்கொள்வதால் வெல்டு அதில் ஒட்டாது, ஓட்டையும் விழாது. எஸ்.எஸ். 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு என்றால் இன்னும் கவனம். சூட்டுக்கு எம்.எஸ்.-ஸைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். டேக்கை இன்னும் நெருக்கமாக, இன்னும் சின்னதாக வையுங்கள். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) என்றால் ஓரத்தில் அந்தப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

ஏற்கெனவே உப்பிய உங்கள் தகட்டுக்கு வருகிறேன். உப்பலின் உச்சியில் கேஸ் டார்ச்சால் சுண்டுவிரல் நக அளவுக்குச் சிவக்கக் காட்டி, உடனே ஈரத் துணியை வைத்து ஒற்றுங்கள். அந்தப் புள்ளி குறுகி, நடுவை உள்ளே இழுக்கும். முழுக்க ஆறியதும் அமுக்கிப் பாருங்கள். ‘டப்’ சத்தம் இருந்தால் கொஞ்சம் தள்ளி அடுத்த புள்ளி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் காட்டினால் சுருங்கிக் கசங்கிவிடும்.

அப்புறம், டேக்குகளுக்கு நடுவே விடும் சந்தில் எண்ணூர், காசிமேடு பக்கத்து உப்புக் காற்று புகுந்து உள்ளிருந்தே துரு பிடிக்கும். பிரைமர் அடித்துக் காய்ந்த பிறகு அந்தச் சந்து முழுக்க பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட் இழுத்து, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள்.